சோழ நாட்டுக் கதைக்குள் மிளகாய் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்: சரித்திர நாவல்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சோழர் காலத்தைப் பற்றியவை. ஆகவே பதில்களும் ராஜராஜன், ராஜேந்திரன் ஆட்சிகளைச் சுற்றியே நிற்கின்றன.

சோழர் காலத்தை வைத்து முதல் நாவல் எழுத ஆசை. எந்த அரசனை எடுத்துக்கொள்வது? எல்லாரையும் யாராவது எழுதிவிட்டார்கள் போலிருக்கிறதே!
— ஒரு வாசகி, மதுரை

அரசனைத் தேடுவதை விட்டுவிட்டு ஒரு கல்வெட்டைத் தேடுங்கள். அரசர் கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். கணக்குக் கல்வெட்டில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிற ஆளின் கதை யாருக்கும் தெரியாது.

தஞ்சைப் பெரிய கோவிலின் மதிலில் வெட்டியிருக்கும் தளிச்சேரிப் பெண்டுகள் (கோவில் ஆடல் மகளிர்) பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து 400 பெண்களை ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்திக்கும் பெயர் இருக்கிறது. திருவாரூரா, பழையாறா, எந்தக் கோவிலிலிருந்து வந்தாள் என்று இருக்கிறது. எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என்பதுகூட இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

இப்போது கணக்குப் போடுங்கள். கலம் ஒன்றுக்கு 96 நாழி. 100 கலம் என்றால் 9,600 நாழி. நாளைக்கு 26 நாழி நெல். சோழர் கல்வெட்டுகளில் நெல்லை அரிசியாக்கும் வழக்கமான கணக்கு ஐந்துக்கு இரண்டு. ஆக, நாளொன்றுக்குப் பத்து நாழி அரிசிக்குக் குறையாது. ஒருத்தி தின்று தீர்க்கிற அளவு அல்ல இது. மிச்சத்தில் யார் சாப்பிட்டார்கள்? திருவாரூரில் விட்டுவந்த தாயா, கூட வந்த தங்கையா, வேலையாளா? அதே கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது: பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும், உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை நிறுத்த வேண்டும். ‘தகுதி’ என்று யார் தீர்மானிப்பது? இரண்டு உறவினர் போட்டியிட்டால்? நாவலுக்கு இதைவிட நல்ல முடிச்சை நீங்கள் உட்கார்ந்து யோசித்துக் கட்ட முடியாது.

‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் பெரிய கோவில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அறிமுகக் கட்டுரைகளோடு நின்றுவிடாமல் மூலத்தையே வரிவரியாகப் படியுங்கள். முதல் பத்துப் பக்கம் பல்லை உடைக்கும், பிறகு பழகிவிடும்.

கல்வெட்டில் ‘யாண்டு 25’ என்றுதான் இருக்கிறது. அதை ஆங்கில ஆண்டாக மாற்றுவது எப்படி? ஒவ்வொரு நூலும் ஒரு வருடம் தள்ளிச் சொல்கிறது.
— பட்டப்படிப்பு மாணவர், திருச்சி

ஒரு வருடம் தள்ளிப் போவதற்குக் காரணம் எளிது. ராஜராஜனின் ஆட்சி 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் தொடங்கியது என்று கணித்திருக்கிறார்கள். எனவே அவனுடைய ஒவ்வோர் ஆட்சியாண்டும் நடு ஆண்டில் தொடங்கி அடுத்த நடு ஆண்டில் முடியும். தொடங்கிய ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள்: 985 + 25 − 1 = 1009. அதாவது 25-ஆம் ஆண்டு என்பது 1009 நடுவிலிருந்து 1010 நடுவரை.

பெரிய கோவில் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்த நாளைக் கல்வெட்டு 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள் என்கிறது. மேலே சொன்ன ஒரு மாத இடைவெளியைச் சேர்த்துப் பார்த்தால் அது 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையில் விழும். இங்கே பலர் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். அந்தக் காலத் தேதிகளெல்லாம் ஜூலியன் நாட்காட்டித் தேதிகள். 11-ஆம் நூற்றாண்டில் ஜூலியனுக்கும் இன்றைய கிரெகோரியனுக்கும் 6 நாள் வித்தியாசம். அதோடு சித்திரை முதல் நாளும் அன்று ஏப்ரல் 14 அல்ல. ஜூலியன் கணக்கில் மார்ச் 22, 23 வாக்கில் வந்தது. ஆகவே அந்தக் குடம் ஏறியது பெரும்பாலும் சித்திரை வெயிலில். ‘மார்ச் கடைசி, அதனால் பங்குனி’ என்று எழுதினால் மாதமே தவறிவிடும்.

நிலவொளிக் காட்சி எழுதுவதற்கு முன் திதியைக் கணித்துப் பாருங்கள். சாமிக்கண்ணு பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் இதற்கென்றே இருக்கின்றன. வானியல் மென்பொருள்களும் உண்டு. மென்பொருள் பழைய தேதிகளை ஜூலியனில் காட்டுகிறதா, கிரெகோரியனைப் பின்னோக்கி நீட்டிக் காட்டுகிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆறு நாள் பிசகினால் பௌர்ணமி தேய்பிறைச் சஷ்டியாகிவிடும்.

ராஜேந்திரன் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவன் 1012-லேயே இளவரசுப் பட்டம் ஏறித் தகப்பனோடு சேர்ந்து ஆண்டான். அவனது ஆட்சியாண்டு அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. தகப்பன் மறைந்த 1014-லிருந்து எண்ணினால் கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பு உட்பட எல்லாம் இரண்டு ஆண்டு நகர்ந்துவிடும்.

வெறும் ‘கோப்பரகேசரி’ என்று தொடங்கும் கல்வெட்டு எங்கள் ஊரில் இருக்கிறது. எந்த அரசன்?

அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சோழர் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டார்கள். ‘மதிரை கொண்ட’ என்ற அடை இருந்தால் முதலாம் பராந்தகன். ‘பாண்டியன் தலைகொண்ட’ என்றிருந்தால் ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன். அடை எதுவும் இல்லையென்றால் எழுத்தமைதியையும் உள்ளே வரும் அதிகாரிகளின் பெயர்களையும் பார்த்துத்தான் கல்வெட்டறிஞர் முடிவு சொல்வார். நாவலாசிரியர் தனக்கு வசதியான அரசனைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் பின்னுரையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக் காட்சிகளில் என்னென்ன தவறுகள் வருகின்றன?
— இல்லத்தரசி, கோவை

முதல் குற்றவாளி மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-க்குப் பிறகு போர்த்துகீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி எல்லாம் அதே கூட்டம்தான். புகையிலையும் அப்படியே. சோழ வீரன் வெற்றிலை போடலாம், பாக்குப் போடலாம், புகையிலை போடக்கூடாது. காப்பி, தேநீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். முந்திரி மிதக்கும் பொங்கலை ராஜராஜனுக்குப் படைக்கும் நாவல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

காரத்துக்கு மிளகும் திப்பிலியும் இஞ்சியும். கோவில் கல்வெட்டுகளில் அமுதுபடிப் பட்டியலைப் படித்தாலே சமையலறை கண்முன் வந்துவிடும்: அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, உப்பு, சர்க்கரை, வாழைப்பழம். கறியமுது, நெய்யமுது, தயிரமுது, முடிவில் அடைக்காயமுது (பாக்கு) என்று வரிசையும் தெளிவாக இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அது சாமிக்கு வைத்த சாப்பாடு. உழவர் வீட்டில் அரிசி அன்றாடம் வெந்ததா என்பதைக் கோவில் சுவரிலிருந்து முடிவுகட்டாதீர்கள். அங்கே தினை, வரகு, கேழ்வரகுக்கு இடம் கொடுங்கள்.

சாப்பாட்டில் எச்சரிக்கையாக இருப்பவர்களும் மரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சிவன் கோவில் என்றதும் நாகலிங்கப் பூவை எழுதுகிறோம். அது தென் அமெரிக்க மரம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் அங்கிருந்து வந்ததே. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. சீமைக் கருவேலத்தின் பெயரிலேயே சீமை இருக்கிறது. புன்னை, மருதம், இலுப்பை, வேம்பு, கடம்பு, கொன்றை, வன்னி ஆகியவற்றை நம்பி எழுதலாம்.

‘ஆயிரம் பொற்காசு பரிசளித்தான்’ என்று எழுதினால் தவறா?

தவறு என்பதைவிடச் சோம்பல் என்று சொல்லலாம். அந்த ஆயிரம் காசில் என்ன வாங்கலாம் என்று எழுதுகிறவருக்கே தெரியவில்லை என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

பொன்னை எடையாகச் சொல்லுங்கள். 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு ஏறக்குறைய நாலரையிலிருந்து ஐந்து கிராம். ஊருக்கு ஊர், எடைக்கல்லுக்குக் கல் மாறும். பெரிய கோவிலில் பொன் நிறுத்த கல்லுக்கே ‘ஆடவல்லான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நெல்லுக்கு: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். இதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

பொருள்களின் ஒப்புமதிப்புக்கு விளக்குக் கல்வெட்டுகளைப் போல வேறு எதுவும் உதவாது. கோவிலில் ஒரு நுந்தா விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குத் தஞ்சையில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை கொடுத்தார்கள். ஆக ஒரு பசு இரண்டு ஆட்டுக்குச் சமம், ஓர் எருமை மூன்று பசுவுக்குச் சமம். சந்தைக் காட்சியில் பேரம் பேச இந்த விகிதம் போதும்.

அந்த ஆடுகளைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லும். ஆடு சாகத்தான் செய்யும், கிழடாகத்தான் செய்யும். ஆனால் இடையன் குட்டிகளை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நெய் குறையக்கூடாது. ஒரு பஞ்ச ஆண்டில் அந்த இடையன் வீட்டில் என்ன நடந்திருக்கும்? கொடை கொடுத்த அரசியைப் பற்றி நூறு கதை வந்தாயிற்று, ஆட்டை மேய்த்தவனைத்தான் காணோம்.

ஆதித்த கரிகாலன் கொலையை எழுதலாம் என்றிருக்கிறேன். உண்மையில் என்னதான் தெரியும்? நந்தினி பற்றிக் கல்வெட்டு உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இரண்டாவது கேள்விக்கு முதலில்: இல்லை. நந்தினி 1950–54-இல் கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம். ஆழ்வார்க்கடியானும் அப்படியே. வந்தியத்தேவன் நிஜம், தஞ்சைக் கல்வெட்டு குந்தவையை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறிக்கிறது. ஆனால் அவன் குணம், பேச்சு, குறும்பு எல்லாம் நாவலாசிரியர் கொடுத்தவை. ஆசிரியர் கல்கி 1954-இல் மறைந்தார். மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. சட்டம் தடுக்காது. ஆனாலும் அந்த நந்தினியைக் கூட்டிவந்தால் வாசகர் உங்கள் கதையைப் படிக்கமாட்டார். பழைய கதையோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கொலைக்கு வருவோம். காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடிக் கோவில் கல்வெட்டு, ராஜராஜனின் 2-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சகோதரர்களான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களோடு உறவினரின் உடைமைகளும் பறிமுதல் என்கிறது. கல் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது.

காரணம் சொல்லவில்லை. ஏவியவர் யார் என்று சொல்லவில்லை. எங்கே, எப்படி என்றும் இல்லை. ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்பது சில வரலாற்றாசிரியர்களின் ஊகம், வேறு சிலர் அதை மறுத்திருக்கிறார்கள். கல் தருவதெல்லாம் இரண்டு துப்பு. ஒன்று, பிரமாதிராஜன் என்ற பட்டம்: இவர்கள் அரசுப் பதவியில் இருந்த பிராமணர்கள், வெளியிலிருந்து மதிலேறி வந்தவர்கள் அல்ல. ‘பஞ்சவன்’ பாண்டியனைக் குறிக்கும் சொல், ‘இருமுடிச்சோழன்’ சோழப் பட்டம். சகோதரர்களுக்குள்ளேயே இரண்டு பக்கத்து வாடை. இரண்டாவது, காலம்: கொலை நடந்தது 970-ஐ ஒட்டி, இந்தக் கல்வெட்டு 986–87. இடையில் பதினைந்து ஆண்டுக்கு மேல் போயிருக்கிறது. அந்த ஆண்டுகளில் கொலைகாரர்கள் ஊருக்குள் எப்படி நடமாடினார்கள், தெரிந்தும் யார் யார் வாய்மூடி இருந்தார்கள்? கொலை இரவைக் காட்டிலும் எனக்கு அந்தப் பதினைந்து ஆண்டுதான் நாவலாகத் தெரிகிறது.

தஞ்சாவூரிலிருந்து காஞ்சிக்கு என் கதாநாயகன் ஒரே இரவில் குதிரையில் போகலாமா?

போகலாம், குதிரை செத்துவிடும். தூரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். நல்ல குதிரை நாள்தோறும் தொடர்ந்து ஓடினால் 40–60 கிலோமீட்டர். ஆக ஐந்து நாள். வழியில் குதிரை மாற்றிக்கொண்டு போனால் இரண்டரை, மூன்று நாளில் முடிக்கலாம். மாட்டுவண்டி நாளைக்கு 20–25 கிலோமீட்டர். பத்து நாளுக்கு மேல். வண்டிகளோடும் யானைகளோடும் போகிற படை அதையும்விட மெதுவாகத்தான் போகும்.

ஆறுகளை மறந்துவிடாதீர்கள். வழியில் காவிரி, கொள்ளிடம், வெள்ளாறு, தென்பெண்ணை, பாலாறு என்று எத்தனை கடக்க வேண்டும்! கோடையில் மணலில் நடந்து கடக்கலாம். வெள்ளத்தில் ஓடத்துக்காகக் கரையிலேயே இரண்டு நாள் காத்துக் கிடக்க நேரும். இந்தத் தாமதத்தைக் கதைக்குப் பயன்படுத்துங்கள். வெள்ளம் எப்போது வரும் என்பதில் மேட்டூரை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அணை 1934-இல்தான் முடிந்தது. அதற்கு முன் குடகு மலையில் மழை விழுந்தால் இங்கே தண்ணீர். ஆனிக் கடைசியிலும் ஆடியிலும் புதுப்புனல். டெல்டாவில் விழும் மழை ஐப்பசி, கார்த்திகையில். பங்குனியில் ‘இரு கரையும் தொட்டு ஓடும் காவிரி’ என்று எழுதாதீர்கள்.

கடலுக்கும் இதே விதிதான். நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் போகத் தென்மேற்குக் காற்று வேண்டும். திரும்பி வர வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். புறப்பட்ட மாதத்திலேயே வெற்றியோடு திரும்பிவர முடியாது. சோழர் கப்பல் எதுவும் அகழ்வில் முழுசாகக் கிடைக்கவில்லை. ஆகவே கப்பலின் அறைகளை வருணிப்பதில் அடக்கமாக இருங்கள்.

மெய்க்கீர்த்தியை எந்த அளவுக்கு நம்பலாம்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து பாடும் பகுதி. வென்ற ஊர்களின் வரிசைக்கு நம்பலாம். ராஜராஜன் காலத்திலிருந்து மெய்க்கீர்த்தி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. எந்த ஆண்டில் எந்த வெற்றி புதிதாகச் சேர்ந்தது என்று ஒப்பிட்டால் படையெடுப்பின் காலம் பிடிபடும். என்ன விலை கொடுத்து வென்றார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது. அதற்கு எதிரியின் கல்லைப் படிக்க வேண்டும். மேலைச் சாளுக்கியரின் ஹொட்டூர்க் கல்வெட்டு 1007-இல் சோழப் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது என்று சொல்கிறது. அதையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். வந்த படை 9 லட்சம் என்கிறது அது.

ஒரு வீரனுக்கு நாளைக்கு 2 நாழி அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேருக்கு 20,000 நாழி, அதாவது 208 கலம் அரிசி. அதற்கு 520 கலம் நெல் குத்த வேண்டும், ஒவ்வொரு நாளும். 9 லட்சம் பேருக்கு இதைப் போல் 90 மடங்கு. எந்த வண்டி, எந்த வழி? போர்க்களம் எழுதுவதற்கு முன் சோற்றுக் கணக்கைப் போட்டுவிட்டால் படையின் அளவு தானாகவே இறங்கிவிடும். படைப்பிரிவுகளின் பெயர்களுக்குத் தஞ்சைக் கல்வெட்டே போதும்: வேளைக்காரர், கைக்கோளப் பெரும்படை, குதிரைச் சேவகர், வில்லிகள். துப்பாக்கியும் பீரங்கியும் அந்தக் காலத்தில் இல்லை. வெடிச் சத்தம் வேண்டாம்.

1010-இல் பெரிய கோவில் எப்படி இருந்திருக்கும்? காட்சி எழுதப் போகிறேன்.

இன்று போய் நின்று பார்ப்பதில் பாதியை அழித்துவிடுங்கள். பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. முருகன் சன்னதியும் நாயக்கருடையதே. அம்மன் சன்னதி பிற்காலப் பாண்டியர் காலத்தது. ‘பிரகதீசுவரர்’ என்ற பெயரும் பிந்தியது; அன்று கோவில் ராஜராஜீஸ்வரம். விமானம்தான் உயரம், கிட்டத்தட்ட 216 அடி; கேரளாந்தகன், ராஜராஜன் வாயில்கள் இரண்டும் அதைவிடக் குள்ளம். நகர எல்லையிலிருந்தே கோபுரம் தெரிந்தது என்று எழுதும்போது எது தெரிந்தது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

நிழல் தரையில் விழாது என்பதும், உச்சிச் சிகரம் 80 டன் ஒற்றைக் கல் என்பதும் கட்டுக்கதை. நிழல் விழுகிறது, சிகரம் பல கற்களை இணைத்தது. பாத்திரம் யாராவது அப்படிப் பேசலாம், கதைசொல்லி பேசக்கூடாது.

இவற்றையெல்லாம்விட எழுதத் தூண்டுவது மேல்தளச் சுற்றில் இருக்கிறது. 108 கரணங்களுக்கு (நடன நிலைகளுக்கு) இடம் ஒதுக்கி 81-ஐத்தான் செதுக்கியிருக்கிறார்கள். மீதி 27 கல் வெறுமையாக நிற்கிறது. ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

உரையாடல் எந்தத் தமிழில்? செந்தமிழில் எழுதினால் நாடகம் போல் இருக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதினால் நம்ப முடியவில்லை.
— சிறுகதை எழுதுபவர், சென்னை

ராஜராஜன் தான் கொடுத்ததையும், தமக்கை கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன ஆணையில் ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ என்றுதான் இருக்கிறது. பேரரசனின் ஆணையிலேயே ‘குடுத்தன’! அன்று வாயில் வந்த தமிழ் நம் நாவல்களில் வருவதைவிட மிக இயல்பாக இருந்திருக்கிறது. எளிய வாக்கியங்களில் எழுதுங்கள். அடுக்குமொழியைத் தூது ஓலைக்கும் அவைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்க வேண்டியவை பின்னால் வந்த சொற்கள். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி போர்த்துகீசியம். சபாஷ், தயார், வசூல், பாக்கி பாரசீக, அரபுச் சொற்கள். இந்தப் பகுதியின் தலைப்பில் இருக்கும் ‘பதில்’கூட அரபு வழி வந்ததுதான். கதைசொல்லி இவற்றைப் பயன்படுத்துவதில் குறையில்லை. குந்தவை வாயில்தான் கூடாது. ‘ஒரு நிமிடம் பொறு’ என்பதும் அப்படியே. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், யாமம் ஒன்றுக்கு ஏழரை நாழிகை. அடிக்குறிப்பு போடாமல் இரண்டு காட்சியில் புழங்கவிட்டால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

சோழர் காலம் பொற்காலம். தேர்தல்கூட நடத்தினார்கள். அந்தப் பெருமை நாவலில் வர வேண்டாமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுதாகப் படித்துவிட்டுப் பெருமைப்படுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, குடவோலையில் (குடத்திலிட்ட பெயரோலையை எடுக்கும் குலுக்கலில்) வாரியம் என்ற ஊர்க்குழுவுக்கு வரக்கூடியவர் யார்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதக் கல்வி. நடந்தது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தில். உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை.

தஞ்சைக் கல்வெட்டிலேயே, கோவிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களைக் கழிக்கும் இடத்தில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று வரிசையாக வரும். கோவிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டவர்களைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. கோவில் கட்டிய கையும் அதே காலம், சேரியைத் தள்ளிவைத்த கையும் அதே காலம். ஒன்றை மட்டும் எழுதினால் அது விளம்பரம்.

மூன்று ஆண்டாகக் குறிப்பெடுக்கிறேன். ஆராய்ச்சி முடியவே மாட்டேன் என்கிறது. எப்போது எழுதத் தொடங்குவது?
— ஒரு வாசகி, ஈரோடு

இன்றைக்கே தொடங்கலாம். முடிந்த பிறகு தொடங்குவோம் என்று நினைப்பதுதான் தவறு. எழுதத் தொடங்கினால்தான் எது தேவை என்றே தெரியும். முதல் பிரதியை ஓட்டமாக எழுதுங்கள். தெரியாத இடத்தில் சதுரக் கட்டம் போட்டு ‘விளக்கு என்ன எண்ணெய்?’, ‘ஓலை கட்டும் கயிறு?’ என்று மட்டும் குறித்துவிட்டு மேலே போங்கள். பிரதி முடிந்ததும் கட்டங்களை எண்ணிப் பார்த்தால், மூன்று ஆண்டுக் குறிப்பில் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை என்பது தெரியும். கட்டங்களில் பாதி நீங்கள் தேடவே தேடாத விஷயங்களாக இருக்கும்.

குறிப்பேட்டை நூல்வாரியாக வைக்காமல் ஆள், இடம், நாள், விலை என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் ‘கல்’, ‘ஊகம்’, ‘கற்பனை’ என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எது கல்லில் இருந்தது, எதை நீங்களே சேர்த்தீர்கள் என்று உங்களுக்கே குழம்பும். அப்போது இந்த ஒரு சொல் காப்பாற்றும். பின்னுரை எழுதும் வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.

தேடியதையெல்லாம் கதைக்குள் கொட்டிவிட வேண்டும் என்ற ஆசை வரும். பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் கண்ணில் படாததை எழுதாதீர்கள். தினமும் அந்தத் தெருவில் நடப்பவன் தெருவின் அகலத்தை நினைக்கமாட்டான். ஊருக்குப் புதிதாக வந்தவன் நினைப்பான். விவரம் சொல்ல வேண்டிய காட்சிகளில் ஒரு வெளியூர்க்காரனை நடக்கவிடுவது பழைய உத்திதான், இன்னும் வேலை செய்கிறது.

கற்பனைப் பாத்திரங்களுக்குப் பெயர் எங்கே தேடுவது?

அதே சுவர்களில்தான். பெயர் பெரும்பாலும் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், அதன் பிறகு பட்டம் என்று அமையும்: ‘கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன்’, பெரிய கோவில் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதி இவர். தளிச்சேரிப் பெண்களின் பெயருக்கு முன்னால் ‘நக்கன்’ வரும். உழவர், இடையர், வணிகருக்குச் சாத்தன், கண்டன், அரங்கன், தேவன், மாறன், நங்கை என்று ஏராளம் கிடைக்கும். கொடைக் கல்வெட்டுகளின் கடைசியில் வரும் சாட்சிக் கையெழுத்துகளில் தேடுங்கள். அங்கேதான் சாதாரண ஆட்கள் இருப்பார்கள்.

பட்டத்தில் அரசன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஒரு சோதனையும் செய்துகொள்ளுங்கள். சுந்தர சோழன் காலத்துக் கதையில் ‘ராஜராஜ மூவேந்தவேளான்’ என்று ஓர் அதிகாரி வந்தால், அந்தப் பட்டத்தைக் கொடுத்த அரசன் அப்போது ஆட்சிக்கே வரவில்லை.